படித்துக் காட்டாத வரி

செங்கல்பட்டில் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடுவே நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில், முப்பத்தோரு வருஷம் ஒரே இடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் மனு எழுதும் ஜலாலுதீன். மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அண்டை கொடுத்திருந்த செங்கல்லைக்கூட அவர் மாற்றியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் தகப்பனார் மவுத்தான மறுவாரம் வந்து உட்கார்ந்தவர், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்ததைத் தவிர ஐம்பத்தெட்டு வரை அந்த இடத்தை விடவில்லை.

மரத்தடியில் இன்னும் நாலைந்து பேர் மனு எழுதினார்கள். ஆனால் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது பாயின் மேஜையைத்தான். “பாய் இங்கிலீஷ்ல அடிச்சா ஆபீசரு எழுந்து நிப்பாரு” என்று ஒரு பேச்சு. எந்த ஆபீசரும் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் ஜனங்கள் நம்பினார்கள். தனக்குப் புரியாத மருந்துக்குத்தான் வீரியம் அதிகம் என்று நினைப்பது நம் வழக்கம். அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜலாலுதீனும் சேர்ந்து நம்பினார் என்பதுதான் சங்கதி.

அவருடைய மனுவுக்குத் தலை, நடு, வால் என்று மூன்று பாகம். தலையில் துரைக்கு எட்டு வரி மரியாதை. நடுவில் வந்தவரின் குறை. வாலில் மறுபடியும் ஆறு வரி மரியாதை, துரையின் ஆயுசுக்கும் பதவி உயர்வுக்குமான பிரார்த்தனை உட்பட. வெள்ளைக்காரன் கப்பலேறிப் பதினோரு வருஷம் ஆகியும் தலையிலும் வாலிலும் ஒரு புள்ளி குறையவில்லை. அடித்து முடித்ததும் காகிதத்தை உருவி, நடுவை மட்டும் தமிழில் சொல்லிக் காட்டுவார். யாராவது மிச்சத்தைக் கேட்டால், “அது ஆபீசருக்குப் போடற சலாம். உனக்கு இன்னாத்துக்கு அது?” என்பார். பிறகு அடியில், மேற்கண்டதை மனுதாரருக்குத் தமிழில் முழுவதும் படித்துக் காட்டி, சரியென்று ஒப்புக்கொண்டபின் ரேகை வாங்கப்பட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதற்குக் கீழே அவர் கையெழுத்து. நடுவை மட்டும் படித்துவிட்டு ‘முழுவதும்’ என்று கையெழுத்துப் போடுகிறோமே என்று அவருக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. மரத்தடியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்தத் தலையும் வாலும் அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. பாட்டனார் நவாபு கச்சேரியில் பாரசீகத்தில் எழுதும் முன்ஷியாக இருந்தவர். வீட்டில் பேசியது தமிழ், பிழைத்தது பாரசீகம். நவாபு பட்டம் போய்க் கச்சேரி கலைந்ததும் செங்கல்பட்டுக்கு வந்து மனு எழுத உட்கார்ந்தார். அதற்குள் ஆபீஸ்களில் எல்லாம் இங்கிலீஷ் ஆகிவிட்டது. பாட்டனார் அசைந்து கொடுக்கவில்லை. காபூலிலிருந்து ஆற்காடு வரை எந்த ஊர்க் கச்சேரியில் நீட்டினாலும் படிக்க ஆள் இருந்த மொழி, அது எப்படி ஒரு நாளில் இல்லாமல் போகும் என்று கேட்டுக்கொண்டே பத்து வருஷம் பாரசீகத்தில் மனு எழுதினார். ஜனங்களும் முன்ஷி எழுதினால் பலிக்கும் என்று எழுதி வாங்கிப் போனார்கள். ஒரு நாள் ஒரு சேவகன் அறுபது எழுபது மனுக்களைச் சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனான். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அத்துடன் பாட்டனார் மனம் ஒடிந்து போனார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அந்தக் கட்டில் இருந்த அறுபது எழுபது பேர் என்ன ஆனார்கள் என்று குடும்பக் கதையில் இல்லை.

தகப்பனார் கெட்டிக்காரர். எந்த மொழியில் முத்திரை குத்துகிறார்களோ அந்த மொழியில்தான் நமக்குச் சோறு என்று சொல்லி, மிஷன் பள்ளிக்கூடத்தில் போய் இங்கிலீஷ் படித்தார். படித்ததும் முதல் வேலையாக ஒரு மாதிரிப் புத்தகம் தயாரித்தார். பாட்டனார் மனுவின் ஒவ்வொரு வாசகத்தையும் பாரசீகத்தில் எழுதி, அதன் கீழே தமிழில் அர்த்தம், அதன் கீழே இங்கிலீஷ். அந்தப் புத்தகம்தான் ஜலாலுதீனுக்கு வந்த சொத்து. இங்கிலீஷ் வரிகள் மனப்பாடமான பிறகு அவர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை.

ஐம்பத்தாறு முடியும் தறுவாயில், இனி ராஜ்யத்தில் தமிழே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. மரத்தடியில் பக்கத்து மேஜைக்காரன் கியாசுதீன், ஜலாலுதீனுடைய மனைவியின் தம்பி, உடனே தமிழ் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டான்.

“மச்சான், நீங்களும் கத்துக்கினா நல்லது. இனிமே ஆபீஸ்ல தமிழ்தான் செல்லும்னு பேசிக்கறாங்க.”

“சட்டம் போட்டா வந்துடுமாடா பாஷை? இங்கிலீஷு லண்டன்ல கீது, ரங்கூன்ல கீது, அமெரிக்காவுல கீது. தமிழு வடக்கால தடா எல்லையத் தாண்டினா கீதா?”

“பாரசீகமும்தான் காபூல் வரைக்கும் இருந்திச்சு.”

ஜலாலுதீன் டைப்ரைட்டர் ரிப்பனைச் சரிசெய்தார். மனைவி அமீனா பீவியிடமும் இதே வாதம் வேறு விதத்தில் நடக்கும். அவள் பினாங்கில் இருந்த அண்ணனுக்கு அரபு எழுத்தில் தமிழ் எழுதுவாள், தன் தாயார் எழுதியது போல. இந்தக் கோழிக் கிறுக்கல் எந்த ஆபீஸில் செல்லும் என்று அவர் சீண்டுவார்.

“செல்லாங்காட்டி போவுது. எங்க அண்ணனுக்குப் புரியுது. நீங்க அடிக்கறது யாருக்குங்க புரியுது?” என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சந்திரம்மா என்ற பெண்பிள்ளை வந்தாள். ஐம்பது வயசிருக்கும். நடவுக்கும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் போய்ப் பிழைக்கிறவள். கடற்கரைக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, புறம்போக்கில் அவளுடைய மாமனார் போட்ட குடிசை. புருஷன் சின்னராசு அதில்தான் வளர்ந்து, அதில்தான் செத்தான். இப்போது சவுக்குத் தோப்பு முதலாளி ஒருவர் அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். பட்டா வாங்கிவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜலாலுதீன் கேட்டுக்கொண்டார், அடித்தார், நடுவைப் படித்துக் காட்டினார், ரேகை வாங்கினார். அன்று அது ஒன்பதாவது மனு.

சித்திரையில் அவள் திரும்பி வந்தாள். மடித்த காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“பாய், இத்த படிங்க.”

தாலுகா உத்தரவு. தமிழில் இருந்தது. அந்த மரத்தடிக்கு வந்த முதல் சில தமிழ் உத்தரவுகளில் அதுவும் ஒன்று. ஜலாலுதீன் கண்ணாலேயே ஓட்டினார்.

“வாய் வுட்டுப் படிங்க பாய். எங்கூரு ராமதாஸ் வாத்தியாரு ரெண்டு தபா படிச்சிட்டாரு. நீங்க படிச்சாலும் அப்டியேதான் கீதான்னு பாக்கணும்.”

அவர் படித்தார். மனுதாரர் தம் மனுவிலேயே, மேற்படி மனையில் தமக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லையென்று தாமாகவே ஒப்புக்கொண்டிருப்பதால், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. முப்பது நாளைக்குள் சப் கலெக்டரிடம் அப்பீல் செய்துகொள்ளலாம்.

“நான் எப்போ பாய் அப்டி சொன்னேன்?” என்று கேட்டாள் சந்திரம்மா. அவள் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

“ஆபீஸ்ல எவனோ தப்பா மாத்தி எழுதிக்கிறான்மா. இரு, பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே அவர் கார்பன் நகல்களைப் புரட்டி அவளுடையதை எடுத்தார். வாலில் இரண்டாவது வரி. தாழ்மையுள்ள மனுதாரருக்கு இதில் எவ்வித உரிமையும் கோரிக்கையும் இல்லை, கனம் துரையவர்களின் கருணை ஒன்றே கதி. அவருடைய இங்கிலீஷ், அவருடைய டைப்ரைட்டர், உடைந்த ‘e’ எழுத்தோடு. மாற்றி எழுதியவன் தப்பே செய்யவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மாற்றியிருந்தான்.

ஜலாலுதீனுக்கு அப்போதுதான் விளங்கியது. வெள்ளைக்காரன் காலத்து ஆபீசர்கள் தலையையும் வாலையும் தாண்டிப் போய் நடுவைப் படிப்பார்கள். அது சலாம் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். இப்போது எல்லாவற்றையும் தமிழில் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புதுக் குமாஸ்தா பொறுப்பாக உட்கார்ந்து சலாத்தையும் தமிழில் போட்டுவிட்டான். தமிழுக்கு வந்ததும் அது சலாமாக இல்லை, வாக்குமூலமாகிவிட்டது.

“நாளன்னிக்கு வாம்மா” என்றார்.

“இன்னிக்கே சொல்லுங்க பாய். அந்த எழுத்து உங்க காயிதத்துல கீதா, இல்லியா?”

அவர் நகலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். “நாளன்னிக்கு வா” என்று மறுபடியும் சொன்னார். அந்த இரண்டாவது ‘நாளன்னிக்கு வா’வை நினைத்துப் பிற்பாடு அவர் பல நாள் வெட்கப்பட்டார்.

அன்று சாயந்திரம் வீட்டில் மாதிரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அந்த வரி பதினாலாம் பக்கத்தில் இருந்தது. மேலே பாட்டனாரின் பாரசீகம், அவருக்கே படிக்க வராது. கீழே தகப்பனார் கையெழுத்தில் தமிழ்: அடியேனுக்கு இதில் உரிமை ஏதுமில்லை, நவாபு சமூகத்தின் கருணையே கதி. அதற்குக் கீழே அவர் முப்பத்தோரு வருஷமாக அடித்துக்கொண்டிருந்த இங்கிலீஷ். நவாபின் முன்னால் யாரோ குனிந்த குனிவு அது. நவாபு போனார், பாரசீகம் போனது, துரை போனார்; குனிவு மட்டும் ஒரு மொழியிலிருந்து இறங்கி இன்னொரு மொழியில் ஏறிச் சந்திரம்மாவின் குடிசை வரைக்கும் வந்துவிட்டது.

அமீனா பீவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். “அப்போ முப்பது வருசமா, வந்தவங்களுக்கெல்லாம் எனக்கு உரிமை இல்ல, உரிமை இல்லன்னா அடிச்சுக் குடுத்துக்கினு இருந்தீங்க?”

“அது மரியாதைக்குப் போடறதும்மா.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கியாசுதீனைக் கலந்தார். அவன் எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டான். புது மனு போட்டால் பழைய ஒப்புதல் குறுக்கே நிற்கும். அப்பீல் செய்து, அந்த வரி தனக்குப் படித்துக் காட்டப்படவில்லை என்று அவள் சொன்னால்தான் வழி. ஆனால் அடியில் இவருடைய கையெழுத்து இருக்கிறது, முழுவதும் படித்துக் காட்டியதாக.

“அவ சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்க மச்சான். எழுதினவரும் வந்து ஆமாம்னு சொல்லணும். நீங்க சொன்னா அந்தக் கையெழுத்து பொய்யின்னு ஆயிடும். காம்பவுண்டுக்குள்ள உக்காற பர்மிட் சீட்டைப் புடுங்கிடுவாங்க. பேசாம இருங்க. கெடு முப்பது நாளு. அவளா வேற எங்கனா போய்ப் பாத்துக்கட்டும்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவனை வில்லனாக நினைக்க வேண்டாம். சொந்த அக்காள் வீட்டுச் சோற்றைப் பற்றித்தான் அவன் கவலை. ஜலாலுதீனும் முதலில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சொன்ன நாளில் சந்திரம்மா வந்தபோது காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். காய்ச்சல் இல்லை என்று அமீனா பீவிக்குத் தெரியும். இருந்தும் அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்தக் கஞ்சிதான் அவரை உலுக்கியிருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறிச் சதுரங்கப்பட்டினத்துக்குப் போனார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மனுதாரரின் வீட்டை அவர் நேரில் போய்ப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சந்திரம்மா கோட்டைக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. வருவார் என்று எதிர்பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

“காச்சல் வுட்டுச்சா பாய்?”

“வுட்டுச்சும்மா.”

கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் சமாதிகள் இருந்தன. பெரிய கருங்கல் பலகைகளில் கப்பலும் மண்டையோடும் செதுக்கி, சுற்றிலும் வரிவரியாக எழுத்து. வெட்டினவன் கை தேர்ந்தவன். இருநூறு முந்நூறு வருஷத்துக் கடல் காற்றில்கூட எழுத்து அழியவில்லை. இங்கிலீஷ் எழுத்து மாதிரியே இருந்ததால் ஜலாலுதீன் வழக்கம்போல் குனிந்து படிக்கப் போனார். ஒவ்வொரு எழுத்தும் வாயில் வந்தது. ஒரு சொல்லும் தலையில் ஏறவில்லை. இன்னொரு கல்லுக்குப் போனார், அங்கேயும் அப்படியே. எழுத்து தெரிகிறது, சத்தம் வருகிறது, அர்த்தம் மட்டும் இல்லை. ஒரு ஆட்டுக்குட்டி கப்பல் மேல் ஏறி நின்று அவரைப் பார்த்தது.

“இன்னா எழுதிக்கீது பாய்?”

“தெரியலம்மா. இது இங்கிலீஷ் இல்ல. டச்சுக்காரன் பாஷ.”

“அவங்கதான் இங்க ஆபீஸ் வெச்சிக்கினு இருந்தவங்களாமே. ஜனங்க எல்லாம் இங்க வந்துதான் கை கட்டிக்கினு நிப்பாங்களாம்.”

“ஆமாம்.”

“அப்போ இந்த எழுத்து தெரிஞ்ச ஒருத்தன் இதே மாதிரி மரத்தடியில உக்காந்துகினு இருந்திருப்பான் இல்ல பாய்? நம்ம ஜனங்க அவங்கிட்டப் போய்ச் சொல்லியிருப்பாங்க. அவன் இன்னா எழுதினானோ.”

அவள் அவரைக் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்லைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் சணல் கயிற்றில் கட்டித் திரும்பி வந்த மனுக்களுக்குரிய அந்த அறுபது எழுபது பேர் முதல் தடவையாக அவர் நினைவுக்கு வந்தார்கள். பாட்டனாருக்காக அவர் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார். அவர்களுக்காக ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை.

“சந்திரம்மா, அந்த வரி என் காயிதத்துல இருக்குது. நான்தான் அடிச்சேன். உனக்குப் படிச்சுக் காட்டல.”

அவள் ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, “அது எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். நீங்க காயிதத்தைக் கவுத்தி வெச்சீங்களே” என்றாள்.

குடிசை வாசலில், வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்து அப்பீல் எழுதினார். டைப்ரைட்டர் இல்லை. பேனாவும் வெள்ளைத் தாளும் மட்டும். எழுத ஆரம்பித்ததும் கை தன்னிச்சையாகத் தலைக்குப் போயிற்று. மகாகனம் பொருந்திய என்று இரண்டு வரி ஓடிவிட்டது. அவரே கோடு போட்டு அடித்தார். அதன் பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தார். தமிழில்தான் எழுதுகிறோம் என்று நினைத்தால், தாலுகா, ஜில்லா, நகல், வாரிசு என்று பேனாவிலிருந்து விழுவதில் பாதி பாட்டனார் கச்சேரியின் சொல். ஆபீஸ், அப்பீல் எல்லாம் தகப்பனாருடையது. இத்தனையும் சந்திரம்மாவின் வாயில் சோறு, தண்ணி போலச் சாதாரணமாக வந்தன. பெரிய மொழிகள் வந்து அதிகாரம் பண்ணிப் போகும்போது இப்படிக் கொஞ்சம் சாமானை விட்டுவிட்டுத்தான் போகின்றன. அதை எடுத்துப் புழங்கத் தெரிந்தவள் இவள். தான்தான் காலிப் பெட்டிக்குக் காவல் இருந்தோம் என்று அவருக்குப் பட்டது.

எழுதி முடித்து, ஆரம்பத்திலிருந்து படித்தார். மூன்றாவது வரியிலேயே அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“நாப்பது வருசம்னு போட்டுக்கிறீங்களே. எங்க மாமனாரு வூடு கட்டினது பெரிய புயலுக்கு மின்னாடி. அதுக்கு நாப்பத்தாறு ஆவுது. இந்த வேப்ப மரம் அவரு வெச்சதுதான். அத்தயும் போடுங்க.”

திருத்தினார். மறுபடியும் படித்தார்.

“கிழக்கால சமுத்திரம்னு போட்டா தப்பு பாய். கிழக்கால முனிசாமி வூட்டு வேலி. அதுக்கு அப்பால மணலு, அப்பறம்தான் சமுத்திரம்.”

திருத்தினார். எரிச்சலாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவர் எழுதியதை யாரும் திருத்தச் சொன்னதில்லை. நன்றாக எழுதியதால் அல்ல, யாருக்கும் புரியாததால்தான் என்பது அந்த வேப்ப மரத்தடியில் அவருக்கு உறைத்தது. கடைசி வரியில் ‘தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்திருந்தார்.

“கெஞ்சிங்கறது இன்னாத்துக்கு பாய்? கேக்கறேன்னு போடுங்க. போதும்.”

“ஆபீசருக்கு ஒரு மரியாத வேணாமா?”

“மரியாதயா கேக்கறேன்னு போடுங்க. கெஞ்சறதெல்லாம் இன்னும் ஆரம்பிக்கல.”

நாலாவது தாளில்தான் அவளுக்குத் திருப்தி ஆயிற்று. அதன் கீழே ஜலாலுதீன் தன் பங்குக்கு ஐந்து வரி எழுதினார். மேற்படி வாசகம் மனுதாரர் சொன்னதல்ல, என் வழக்கத்தால் நானே சேர்த்தது, அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை, படித்துக் காட்டியதாகக் கையெழுத்திட்டது நான் செய்த தவறு. அதையும் அவளுக்கு வாய்விட்டுப் படித்தார். அவள் இந்தப் பகுதியில் எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.

விசாரணை ஆனி மாதம் வந்தது. சப் கலெக்டர் வடக்கிலிருந்து வந்த இளைஞர், தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். சந்திரம்மாவிடம் தமிழில் தட்டுத் தடுமாறிக் கேட்டவர், ஜலாலுதீன் பக்கம் திரும்பியதும் இங்கிலீஷுக்கு மாறினார். இரண்டு காகிதத்திலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது, ஒன்றில் படித்துக் காட்டினேன் என்கிறீர்கள், இன்னொன்றில் இல்லை என்கிறீர்கள், எது பொய் என்று கேட்டார்.

ஆபீசர்களோடு இங்கிலீஷில் பேசுவது ஜலாலுதீனுக்கு வாழ்நாள் பெருமை. அன்றைக்கு அது சௌகரியமும்கூட. இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் சொல்லியிருந்தால், பக்கத்தில் நிற்கிறவளுக்குப் புரியாது. வாசலில் காது கொடுத்துக்கொண்டிருந்த மரத்தடிக்காரர்களில் பாதிப் பேருக்கும் புரியாது. மானம் பாதியாவது மிஞ்சும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தமிழ்லயே சொல்றேன் சார். இந்த அம்மாவும் கேக்கணும். முதல் காயிதத்துல கீற என் கையெழுத்துதான் பொய். இந்த அம்மா தனக்கு உரிமை இல்லன்னு சொல்லவே இல்ல. நான்தான் சொன்னேன், அவங்க சார்பா, அவங்களைக் கேக்காம.”

சப் கலெக்டர் அதை மெதுவாக எழுதிக்கொண்டார். ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டார். ஜலாலுதீன் சொன்னார்.

மூன்றாம் நாள் காம்பவுண்டுச் சீட்டு ரத்தாயிற்று. கியாசுதீன் கண் கலங்கி, “சொன்னேனே மச்சான்” என்றான். ஜலாலுதீன் மேஜையைத் தலைகீழாகக் கைவண்டியில் ஏற்றினார். பிறகு ஏதோ மறந்தவர் போலத் திரும்பி வந்து, மண்ணில் பதிந்திருந்த செங்கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். கேட்டுக்கு வெளியே, ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், ஏரிக் காற்று காகிதத்தைப் பறக்கடிக்கிற ஒரு இடத்தில் மேஜையைப் போட்டார். நிழல் கிடையாது. அமீனா பீவி பழைய புடவை ஒன்றைப் பந்தலாகக் கட்டிக் கொடுத்தாள்.

டைப்ரைட்டரை அவர் விற்கவில்லை. பம்பாய்க்கும் டில்லிக்கும் எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷ் வேண்டியிருந்தது. அது இன்னும் ரொம்ப நாள் இருக்கும் என்றே நினைத்தார். ஒரு நாள் அதுவும் அந்தக் கருங்கல் எழுத்து மாதிரி ஆகலாம், யார் கண்டது. தமிழ் ஆட்சி பண்ணும்போது அதற்கும் ஒரு தலையும் வாலும் முளைக்காது என்று அவர் நம்பத் தயாராக இல்லை. ஏற்கெனவே கியாசுதீன் அடிக்கிற தமிழ் மனுக்களில் ‘சமூகத்தின் பொற்பாதங்களுக்கு’ என்று ஒரு புது வரி வந்துவிட்டதாகக் கேள்வி. ஆகையால் எந்த மொழியில் எழுதினாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். இங்கிலீஷ் மனுவாக இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொன்னார். ஜனங்கள் திருத்தினார்கள். ஒரு மனுவுக்கு அரை நாள் ஆயிற்று. ஒன்பது மனு எழுதியவர் இரண்டு எழுதினால் அதிகம். சில பேர் இந்தத் தொணதொணப்பு வேண்டாம் என்று மரத்தடிக்கே போய்விட்டார்கள். சம்பாத்தியம் குறைந்தது, அதை மறைப்பானேன்.

மார்கழியில் ஒரு காலையில் சந்திரம்மா வந்தாள். பட்டா கிடைத்துவிட்டது. ராமதாஸ் வாத்தியார் படித்துச் சொல்லிவிட்டாராம். இருந்தாலும் பாய் வாயால் ஒரு தரம் கேட்க வேண்டுமாம். மடியிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜலாலுதீன் படித்தார். ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே எண். சந்திரம்மா, சின்னராசுவின் மனைவி. கிழக்கே முனிசாமி வீட்டு வேலி. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கையெழுத்தையும் முத்திரையையும்கூடப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்மா. வூடு உன்னுது.”

அவள் காகிதத்தை விடவில்லை. அடியில், ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போலப் பொடியாக அச்சாகியிருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

“இது இங்கிலீஷ் இல்ல?”

“அது ஒண்ணுமில்லம்மா. ஃபாரம் அச்சடிச்ச விவரம். எல்லாக் காயிதத்துலயும் இருக்கும். அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே தன் குரல் பழைய மரத்தடிக் குரலாகக் கேட்டது. சந்திரம்மா விரலை எடுக்கவில்லை.

ஜலாலுதீன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய், நிறுத்தி நிதானமாக, சாலைக்குக் கேட்கும்படி தமிழில் படித்தார். “சென்னை அரசாங்க அச்சகம். ஐம்பதாயிரம் பிரதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், ஜூன் மாதம்.”

அவள் கடைசிச் சொல் வரை கேட்டாள். பிறகு பட்டாவை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “ம், இப்போ சரி” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.